நாற்காலியில் வந்த இரட்டைமுகன்

சான் ஹுவான் திருவிழாவில் ஆண்கள் ஆடுவார்கள். பெண்கள் பின்னால் நடப்பார்கள். யானாரூமி ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. வட்டம் போட்டு நிலத்தை மிதித்துக்கொண்டு ஆண்கள் மலையிலிருந்து நகரச் சதுக்கத்துக்கு இறங்கும்போது, அவர்களுடைய சட்டை, சாப்பாடு, சாராயம் எல்லாம் பெண்களின் முதுகு மூட்டையில் இறங்கும். விழுந்தவனைத் தூக்குவது, மண்டை உடைந்தவனுக்குத் துணி வைத்து அழுத்துவது, போதையில் கீழூர்க்காரனோடு சண்டைக்குப் போகிறவனின் இடுப்புவாரைப் பிடித்து இழுப்பது, எல்லாம் அவர்கள் வேலை. சான் ஹுவான் என்கிற ஸ்நாபக அருளப்பருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அவர்கள்தான். ஆண்களுக்கு அதற்கு நேரம் இருக்காது.

திரான்சிதோ குவாந்தினாங்கோ இப்படிப் பின்னால் நடக்க ஆரம்பித்தது கல்யாணமான வருஷம். அதற்கு முன்னால் அவள் தலைநகரமான கீட்டோவில் இருந்தாள். சின்ன வயதில் அங்கே வீட்டு வேலைக்குப் போனவள். அந்த வீட்டுப் பெரியவர் படுக்கையில் விழுந்தபோது அவரைப் புரட்டிப் போடக் கற்றாள். அவர் போன பிறகு கன்னியர் நடத்திய முதியோர் இல்லத்தில் சேர்ந்தாள். முறையாகப் படித்தது அங்கேதான்: படுக்கைப்புண் வராமல் பார்ப்பது, மூச்சுக்குழாயில் போகாமல் கஞ்சி ஊட்டுவது, இறந்தவரின் தாடை விறைப்பதற்குள் கட்டுவது. ஊர் சுகாதார நிலையத்துக்கு உதவியாளராகத் திரும்பி வந்தபோது முப்பதைத் தாண்டியிருந்தாள். மிசாயேல் அவளைவிட இளையவன். செங்கல் சூளையில் வேலை, ஓய்ந்த நேரத்தில் குழல் ஊதுவான். "என்னைக் கட்டிக்கிட்டா நீ நோயாளி தேடி அலைய வேண்டியதில்ல" என்று சொல்லித்தான் பெண் கேட்டான். அவள் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தாள்.

ஒரே மகள் இப்போது ஸ்பெயினில் தக்காளி பறிக்கிறாள். திரான்சிதோவுக்கு வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். மிசாயேலுக்குச் சர்க்கரை வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஓய்வு பெற்ற மறுநாளும் அவள் எழுந்து, கையைக் கழுவி, அவன் காலுக்குக் கட்டு மாற்றினாள். முன்பு அதற்குச் சம்பளம் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மிசாயேல் ஆட்டத்தில் இரட்டைமுகன், பிசாசு வேஷம். தலையை முழுக்க மூடும் துணி முகமூடி, முன்னால் ஒரு முகம், பின்னால் ஒரு முகம், உச்சியில் துணிக் கொம்புகள், கையில் சாட்டை. அவன்தான் முன்னால் போய் வழி விலக்குவான். முகமூடிக்குள் இருக்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் மலை கொடுத்த பலம் இறங்கிவிடும். போட்டவன் பன்னிரண்டு வருஷம் விடாமல் போட வேண்டும். மிசாயேல் பதினொன்று முடித்திருந்தான். பதினோராவது வருஷம் செருப்புக்குள் ஒரு கொப்புளம் வந்தது. மரத்துப்போன கால், அவனுக்குத் தெரியவில்லை. ஆட்டம் முடிந்து திரான்சிதோ செருப்பைக் கழற்றியபோது உள்ளே ஈரமாக இருந்தது. மழை முடிவதற்குள் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். இந்த வருஷம் சான் ஹுவான் வரும்போது பாதத்தின் அடியில் இன்னொரு புண், ஒரு பீன்ஸ் கொட்டை அளவுக்கு, மூடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"இத வெச்சுக்கிட்டு மிதிச்சன்னா அடுத்தது விரல் இல்ல. கணுக்காலுக்கு மேல எடுப்பாங்க."

"வலிக்கவே இல்லடி."

"வலிக்காததுதான் நோய்."

"வலிக்காதத எப்படி நோயின்னு சொல்லுவ?"

"உன் கால அடுப்புல வெச்சாலும் வலிக்காது. வெச்சுக் காட்டட்டுமா?"

மிசாயேல் சுவரில் தொங்கிய முகமூடியைப் பார்த்தான். "செலெஸ்தீனோ பதினொண்ணோட விட்டான். அந்த வருஷமே மாடு செத்துச்சு, பொண்டாட்டியும் போயிட்டா."

"பொண்டாட்டி போனது அவன் அடிச்சதனால. மாட்டப் பத்தி எனக்குத் தெரியாது."

மலை விஷயத்தில் அவள் வாதாடுவதில்லை. நம்புகிறாளா என்று கேட்டால், அதற்கு நேரமில்லை என்று சொல்லியிருப்பாள். ஆனால் ஒன்று அவளுக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் சிலர் ஒரு நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார்கள். பிறகு என்ன ஊட்டினாலும் உள்ளே போகாது. வீட்டில் கட்டிப் போட்டு வைத்தால் மிசாயேலும் அப்படித் திரும்பிப் படுப்பான். காலைக் காப்பாற்ற வேண்டும், ஆளையும் காப்பாற்ற வேண்டும். இரண்டையும் எப்படிச் செய்வது என்று மூட்டை மூட்டையாகச் சோளம் உரித்துக்கொண்டே யோசித்தாள். திருவிழாவுக்குக் காய்ச்சும் சிச்சாக் கள்ளுக்குச் சோளம் உரித்தாக வேண்டும், கால் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அப்தோனைப் பார்க்கப் போனாள். அவர் ஆட்டத்தின் தலைவர், அவள் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் அவர் அவளைக் கோமாத்ரே என்பார், அவள் அவரைக் கொம்பாத்ரே என்பாள்.

"இந்த ஒரு வருஷம் வேற யாராவது அந்த முகமூடியப் போட்டுக்கட்டும் கொம்பாத்ரே. உள்ள யாருன்னு வெளிய தெரியப் போறதில்ல."

"வெளிய தெரியாது. போட்டவன் பன்னெண்டு வருஷம் மாட்டிக்குவானே கோமாத்ரே."

"உங்க மகன்?"

"அவன் போன மாசந்தான் கல்யாணத்துல மாட்டினான். ஒருத்தனுக்கு ரெண்டு தண்டனையா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி சொய்லா, "மருமக பின்னாடிதான் நிக்கிறா. உனக்கு இன்னிக்குச் சூப்பு கிடையாது" என்றாள்.

"நீங்களே போட்டுக்கலாமில்ல?"

"எனக்கு எழுபது. பன்னெண்டு முடியறதுக்குள்ள நான் முடிஞ்சிருவேன். கடன சாமிகிட்டக் கொண்டுபோயிச் சேக்கச் சொல்றீங்களா?"

திரான்சிதோ சிரிக்கவில்லை. சிரிக்கிற அளவுக்கு அவளுக்குத் தூக்கம் இல்லை. "அப்ப நாற்காலியில வரட்டும்" என்றாள். "சுகாதார நிலையத்துச் சக்கர நாற்காலி சும்மாத்தான் கெடக்கு. நான் தள்ளறேன். எப்படியும் நான் பின்னாடிதானே வரப் போறேன்."

அப்தோன் முதலில் சிரித்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இரட்டைமுகன் வட்டத்தோட ஆடறவன் இல்ல, அது சரி. முன்னாடி போறவன். சக்கரத்துல போனா என்ன, காலால போனா என்ன. ஆனா கோயில் வாசல் மூலையில அவன் நடுவுல வந்து ரெண்டு காலாலயும் மிதிக்கணும். மண்ண எழுப்பணும்."

"அத நான் பாத்துக்கறேன்."

"கீழூர்க்காரனுங்க கல்லு விட்டா?"

"அத நீங்க பாத்துக்கங்க."

மிசாயேல் ஒத்துக்கொள்ள நாளாயிற்று. பிணத்தைத் தூக்கிக்கொண்டு வருவதாகச் சிரிப்பார்கள் என்றான். நாற்காலியில் வரும் பிசாசை எந்தப் பிள்ளை பார்த்துப் பயப்படும் என்றான். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டான்.

"கோயில் மூலையில மட்டும் நான் எந்திரிப்பேன். ரெண்டே மிதி."

திரான்சிதோ தலையை ஆட்டினாள். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். முதியோர் இல்லத்தில், நாளைக்கு வீட்டுக்குப் போகப் போகிறேன் என்று சொன்ன ஒவ்வொருவரிடமும் அவள் அதே மாதிரிதான் தலையை ஆட்டியிருக்கிறாள்.

ஊற்றில் குளிக்காமல் ஆட முடியாது. அவன் காலில் பிளாஸ்டிக் பை மாட்டி, ஓரங்களை ஒட்டி, ஒரு கல்லின் மேல் உட்கார வைத்துத் தலையில் மட்டும் ஊற்றினாள். தண்ணீர் பனிக்கட்டி போல இருந்தது. சொய்லா கோயிலிலிருந்து ஒரு புட்டியில் கொண்டுவந்திருந்த தீர்த்தத்தையும் அதே செம்பில் கலந்தாள். மலையும் அருளப்பரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதுதான் அங்கே வழக்கம்.

திருவிழா அன்று காலை கட்டு மாற்றினாள். புண் சுத்தமாக இருந்தது. அடியில் கம்பளித் துண்டை நடுவில் வெட்டி வைத்து, புண்ணில் எதுவும் படாமல் மெத்தை கட்டினாள். நாற்காலியில் உட்கார வைத்தாள். முன்பக்கமாகப் போட்டுப் பின்னால் கட்டும் ஆட்டுத்தோல் கால்மறைப்பை மாட்டுவதற்கு முன்னால் இன்னொரு பட்டைத் துணியை எடுத்து, புண் இருந்த காலையும் மிதிபலகையையும் சேர்த்து எட்டுப் போட்டுச் சுற்றினாள்.

"இது எதுக்கு?"

"ஆடாம இருக்கறதுக்கு. கல்லுத் தெரு குலுக்கும்."

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டாள். ரத்த ஓட்டம் நிற்காது, ஆனால் எழுந்திருக்கவும் முடியாது. நோயாளியைக் கட்டக் கூடாது என்பது அவள் படித்த முதல் பாடங்களில் ஒன்று. இல்லத்தில் ஒரு கிழவரின் மணிக்கட்டைப் படுக்கை விரிப்பால் கட்டிலில் கட்டிய உதவியாளரைப் பற்றித் தலைமைக் கன்னியரிடம் சொல்லி வேலையை விட்டு அனுப்ப வைத்தவள் அவள்தான். அந்தப் பெண்ணும் மூன்று இரவு தூங்காதவள் என்பது முடிச்சைப் போடும்போது நினைவுக்கு வந்தது. இருந்தாலும் போட்டாள். மேலே ஆட்டுத்தோலை இழுத்து விட்டாள். மயிர் அடர்ந்த தோல், உள்ளே இருப்பது எதுவும் தெரியவில்லை.

அப்தோனின் மகன் பிக்கப் வண்டியில் நகர எல்லை வரை கொண்டுவந்து விட்டான். அங்கிருந்து ஆட்டம். மிசாயேல் முகமூடியை இறக்கினான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. சங்கு ஊதினார்கள், குழல்கள் சேர்ந்தன, பெரிய அட்டைத் தொப்பிகள் அசைந்தன, நூறு செருப்புகள் ஒரே நேரத்தில் கல்லில் இறங்கின. திரான்சிதோ தள்ளினாள்.

வாழ்நாள் முழுக்க நாற்காலி தள்ளியவள்தான். ஆனால் மெழுகிய தரையில் தள்ளுவது வேறு, உருண்டைக் கல் தெருவில் மேட்டுக்குத் தள்ளுவது வேறு. அதுவும் இரட்டைமுகனின் பின்பக்க முகம் முழு வழியும் அவளையே பார்த்துக்கொண்டு வந்தது. நீண்ட மூக்கு, வாயில் கோணல் சிரிப்பு. போன வருஷம் அவளே தைத்துக் கொடுத்த வாய். முன்பக்க முகம் என்ன செய்துகொண்டிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. சாட்டை சுழன்றது, முன்னால் ஜனம் விலகியது. பிள்ளைகள் அலறி ஓடினார்கள். உருண்டு வரும் பிசாசு நடந்து வரும் பிசாசைவிட வேகமாக வரும் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும்.

"பாத்தியா, பயப்படறாங்க" என்றாள். பதில் வராது என்று தெரிந்தும் சொன்னாள்.

பக்கத்தில் மூட்டையோடு நடந்த சொய்லா, "பேச முடியாத புருஷன், தள்ளினா போற புருஷன். நீதான் குடுத்து வெச்சவ" என்றாள்.

"மேடு வருது. வாயால தள்ளாம கையால தள்ளு."

சதுக்கத்தில் முதல் மூலை முடிந்தது. இரண்டாவது, மூன்றாவது. கோயில் வாசலில் அருளப்பரைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்திருந்தார்கள், கழுத்தில் சோளக்கதிர் மாலை. பாதிரியார் தீர்த்தத் தெளிப்பானோடு நிழலில் நின்றார். நான்காவது மூலை. வட்டம் திறந்தது, நாற்காலி நடுவில் போனது. குழல்கள் நின்றன. எல்லோரும் இரட்டைமுகனின் மிதிக்குக் காத்திருந்தார்கள்.

மிசாயேல் கைப்பிடியை அழுத்தி எழுந்தான். நல்ல கால் இறங்கியது. மற்றக் கால் வரவில்லை. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது, திரான்சிதோ தன் எடையைப் போட்டு அழுத்தினாள். அவன் மறுபடி முயன்றான். பிறகு குனிந்து ஆட்டுத்தோலுக்குள் கையை விட்டான். முடிச்சு கையில் தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

முகமூடிக்குள்ளிருந்து சத்தம் வரவில்லை. வரவும் கூடாது. தோள்கள் மட்டும் ஏறி இறங்கின. அவள் பின்பக்க முகத்தையே பார்த்துக்கொண்டு கைப்பிடியை விடாமல் நின்றாள். கத்தியிருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்தோனுக்கு எதுவோ புரிந்தது. சீழ்க்கை அடித்தார். ஆண்கள் நாற்காலியைச் சுற்றி நெருக்கி மிதிக்க ஆரம்பித்தார்கள். நடுவில் மிசாயேல் சாட்டையைத் தூக்கி நிலத்தில் அடித்தான். ஒரு முறை. பிறகு விடாமல், கல்லுக்குக் கல். புழுதி எழுந்தது.

அது அடங்குவதற்குள் எதிர் மூலையில் சங்குச் சத்தம் கேட்டது. கீழூர்க்காரர்கள் தங்கள் முறைக்கு முன்பே வந்துவிட்டார்கள். முதல் கல் யாரிடமிருந்து வந்தது என்பது எந்த வருஷமும் தெரிவதில்லை. போலீஸ்காரர்கள் நடுவே ஓடினார்கள். "தூக்குங்கடா" என்று அப்தோன் சொன்னார். நான்கு பேர் நாற்காலியை ஆளோடு தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குள் ஓடினார்கள். திரான்சிதோ பின்னால் ஓடினாள். ஓடும்போது அவள் தலைக்குள் ஒன்றுதான் இருந்தது: கட்டியிருக்கிறேன். கவிழ்ந்தால் அவனால் உருண்டுகூட விலக முடியாது. கட்டியிருக்கிறேன்.

தெரு முனையில் ஒரு சக்கரம் நடைபாதைக் கல்லில் இடித்தது. நாற்காலி சாய்ந்து சுவரில் முட்டி நின்றது. மிசாயேலின் கால் பலகையோடு முறுக்கிக்கொண்டது. தூக்கியவர்கள் அவன் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

"இழுக்காதீங்க. கட்டியிருக்கு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மண்டியிட்டு, மூட்டையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, ஆட்டுத்தோலை ஒதுக்கிவிட்டுப் பட்டைத் துணியை வெட்டினாள். நான்கு ஆண்களும் சொய்லாவும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முகத்தைத் தூக்காமல் அவன் பாதத்தை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். கட்டு காய்ந்திருந்தது. ரத்தம் இல்லை. கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது, அது பெரிய விஷயம் இல்லை.

வீடு வந்து முகமூடியைக் கழற்றிய பிறகும் அவன் பேசவில்லை. முகம் வேர்வையில் வெளுத்திருந்தது. அவள் சர்க்கரையைக் குத்திப் பார்த்தாள், கணுக்காலுக்கு ஈரத்துணி போட்டாள், புண்ணைத் திறந்து பார்த்து மறுபடி மூடினாள். காலையில் இருந்தபடியே இருந்தது. இந்தச் செய்தியை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல அவன்தான் இருந்தான்.

"புண்ணு அப்படியேதான் இருக்கு."

"என்னக் கட்டினியே."

"கட்டினேன்."

"மாட்டக் கட்டற மாதிரி."

"மாட்டுக்கு ரெண்டு விரல் இடம் விட மாட்டாங்க."

அவன் திரும்பிக்கொள்வான், சுவர்ப் பக்கம், என்று அவள் காத்திருந்தாள். மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தாள். நாளைக்கே மறுபடி எழுந்து மிதிக்கப் போகிறேன் என்று அவன் சொன்னால் மறுபடி கட்டுவாள். அப்படியிருக்கும்போது மன்னிப்புக் கேட்பது மரியாதை இல்லை என்று பட்டது. கேட்கவில்லை.

இருட்டுவதற்கு முன் அப்தோனும் சொய்லாவும் இரட்டைமுகனுக்கு உரிய தட்டைக் கொண்டுவந்தார்கள்: வாட்டிய கினிப்பன்றி, உருளைக்கிழங்கு, அவித்த சோளம், ஒரு கிண்ணம் வெல்லக் கூழ், ஒரு குடம் சிச்சா. அப்தோன் தொப்பியைக் கழற்றினார்.

"பன்னெண்டு முடிஞ்சுது கொம்பாத்ரே. மண்ணு எழும்பிச்சு, எல்லாரும் பாத்தாங்க. முகமூடிய எறக்கி வெச்சிரலாம்."

"பதினொண்ணு" என்றான் மிசாயேல்.

"சாட்டையால அடிச்சியே."

"சாட்டைக்குப் பாதம் இல்ல. நான் மிதிக்கல. இவ கட்டி வெச்சா, அதனால மிதிக்கல. பதினொண்ணு."

"விடாம ஆடணுமே. இந்த வருஷம் கணக்குல இல்லன்னா..."

"முகமூடி வந்துச்சு. அதனால விடல. மிதி பாக்கி இருக்கு. அடுத்த வருஷம் மிதிப்பேன்."

அப்தோன் திரான்சிதோவைப் பார்த்தார். இப்படி ஒரு கணக்கை அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் தப்பு என்று சொல்லவும் அவரால் முடியவில்லை. சொய்லா, "அடுத்த வருஷம் எந்தக் காலால மிதிப்ப?" என்று கேட்டாள்.

மிசாயேல் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தான். கட்டு மாற்றும்போதெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் அவன். ஒரு விரல் குறைந்த அந்தப் பாதத்தை, வேறு யாரோ தன்னிடம் கொடுத்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போல, ரொம்ப நேரம் பார்த்தான்.

"இதே காலால" என்றான்.

திரான்சிதோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு என்று அவன் ஒத்துக்கொண்டிருந்தால் இன்று எல்லாம் முடிந்திருக்கும். அடுத்த ஜூன் மாதம் மறுபடி இதே சண்டை, இதே ஊற்று, இதே பயம். அவளுக்கு அழுகை வரவில்லை, இடுப்பு வலித்தது. "சரி. பதினொண்ணுன்னா பதினொண்ணு. புண்ணு மூடினா மிதி. நானே செருப்புத் தெச்சுத் தரேன். மூடலன்னா மறுபடி கட்டுவேன். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் மாடுன்னு சொல்லாத."

"மூடும்" என்றான்.

அப்தோன் சிச்சாவை ஊற்றினார். முதல் துளிகளை மண்ணில் விட்டார், சிலுவை போட்டுக்கொண்டார், குவளையை நீட்டினார். மிசாயேல் அதை வாங்கி உதட்டில் தொட்டு, சொய்லாவிடம் கொடுத்தான். வெல்லக் கூழ்க் கிண்ணத்தையும் அவள் பக்கம் நகர்த்தினான். வருஷக்கணக்கில் திரான்சிதோ கெஞ்சி, திட்டி, ஒளித்து வைத்துப் பார்த்த கூழ் அது. நகர்த்திவிட்டு ஒரு உருளைக்கிழங்கை எடுத்துக் கடித்தான், கோபம் இன்னும் தாடையில் இருந்தது.

சொய்லா புருவத்தை உயர்த்தினாள். திரான்சிதோ பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கெட்டுப்போகும் என்று தெரியும்.

அவர்கள் போன பிறகு அவள் தட்டுகளைக் கழுவப் போட்டுவிட்டு, போர்வையைக் கொண்டுவந்து அவன் மேல் விரித்தாள். காலுக்கு அடியில் தலையணை வைத்தாள். அவன் அவள் பக்கம் பார்க்காமலே கேட்டான்.

"காலையில கட்டு மாத்தறது எத்தன மணிக்கு?"

இத்தனை வருஷத்தில் அவன் கேட்காத கேள்வி.

"நான் எந்திரிக்கறப்ப" என்றாள் திரான்சிதோ. "நாளைக்கு லேட்டாத்தான் எந்திரிப்பேன்."